பஸ்ரா வக்கீல் கேட்ட சத்தியம்

பஸ்ரா வக்கீல் செத்துப்போன அன்றைக்கு நாமக்கல் கோர்ட்டுக்கு மத்தியானத்துக்கு மேல் விடுமுறை விட்டார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. உயிரோடு இருந்தவரை என் கட்சிக்காரர்களைக் கெடுத்தான், செத்தும் என் கேஸ் ஒன்றைத் தள்ளிவைக்கப் பண்ணிவிட்டான் என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். செத்தவரைப் பற்றி அப்படிப் பேசலாமா என்று அவர் முகத்தைச் சுளித்தார். தாராளமாகப் பேசலாம். அவன் முகத்துக்கு நேரே பேசியதைத்தான் இப்போதும் பேசுகிறேன். செத்துவிட்டான் என்பதற்காக மரியாதை போட்டுப் பேச எனக்கு வாய் வராது.

இரங்கல் கூட்டத்தில் என்னையும் இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். அவனை எதிர்த்து அதிகமாகக் கேஸ் நடத்தியவன் நான்தானாம், நான் பேசினால் எடுப்பாக இருக்குமாம். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிப் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பேசியவர்கள் எல்லாரும் அவனைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். பட்டாளத்தில் மெடல் வாங்கியவர், சொந்த முயற்சியில் சட்டம் படித்தவர், எதற்கும் அஞ்சாதவர். அத்தனையும் உண்மை. அதைக் கேட்கத்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவன் பெயர் சென்னிமலை. ராசிபுரம் ரோட்டோரத்தில் காடும் கிணறும் உள்ள குடியானவக் குடும்பம். முதல் யுத்தம் வந்தபோது அவனும் அவன் அண்ணன் செங்கோடனும் ஒன்றாகப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். அண்ணனுக்கு வள்ளியாத்தாள் என்று மனைவியும் ராசம்மாள் என்று கைக்குழந்தையும் இருந்தார்கள். இவனுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. கப்பலேற்றி இரண்டு பேரையும் இராக் தேசத்துப் பஸ்ராவில் இறக்கினார்கள். அங்கே அண்ணன் காய்ச்சலில் செத்தான். தம்பி அவனை அந்த மண்ணிலேயே புதைத்துவிட்டு, சண்டையெல்லாம் முடிந்து, ஹவில்தாராக ஊர் திரும்பினான். பத்தாவது வரை முன்பே படித்தவன், அப்புறம் பிளீடர் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி எங்களோடு வந்து உட்கார்ந்தான். கறுப்புக் கோட்டில் மெடலைக் குத்திக்கொண்டு, கோர்ட்டு வராந்தாவில் பூட்ஸ் சத்தம் போட நடப்பான். சாமி உண்டா இல்லையா என்று யாராவது பேச்செடுத்தால், பஸ்ராவில் நன்றாகத் தேடிப் பார்த்தேன், கொசுதான் இருந்தது என்பான். அதற்கு நாலு பேர் சிரிப்பார்கள்.

அவன் எப்படி ஜெயித்தான் என்பதை இரங்கல் கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

திருச்செங்கோட்டு மலைப்படியில் அறுபதாம்படி என்று ஒன்று இருக்கிறது. அங்கே சூடம் கொளுத்தி, வாதத்தைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தால் அது சத்தியம். அதற்கு மேல் பேச்சில்லை. கோர்ட்டும் அதை ஏற்றுக்கொள்ளும். எதிர்க்கட்சிக்காரன் சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன் என்று ஒருவன் சொல்லி, மற்றவனும் சம்மதித்தால், முன்சீப் ஒரு வக்கீலைக் கமிஷனராக மலைக்கு அனுப்புவார். சத்தியம் செய்துவிட்டால் அதுவே முடிந்த முடிவு. சாட்சி, பத்திரம், வாதம் எதுவும் வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பயம் உண்டு. பொய்ச் சத்தியம் குடும்பத்தை அழிக்கும் என்பது எல்லா ஊரிலும் உள்ள பயம்தான். எங்கள் ஆட்களுக்கு உண்மைச் சத்தியமும் ஆகாது. உண்மையே ஆனாலும் சாமியைச் சாட்சிக்கு இழுத்தால் அது வீட்டில் ஒன்றைக் காவு கேட்கும் என்பார்கள். யோக்கியனாக இருப்பவன்தான் இதற்கு அதிகம் பயப்படுவான். பொய்யனுக்கு ஒரு பயமும் இல்லை, சூடத்தை அணைத்துவிட்டு மிளகாய் பஜ்ஜி தின்னப் போய்விடுவான்.

இந்தப் பயத்தை ஆயுதமாகப் பிடித்தவன் பஸ்ரா வக்கீல். கேஸ் பலவீனமாகப் போகிறது என்று தெரிந்தால் சட்டென்று எழுந்து நிற்பான். "எதிரி அறுபதாம்படியில் சத்தியம் செய்யட்டும், நாங்கள் கேஸை விட்டுவிடுகிறோம்" என்பான். கேட்பதற்கு என்ன பெருந்தன்மை. எதிரே நிற்கும் குடியானவனுக்கு முகம் வெளுத்துவிடும். பெண்டாட்டி பிள்ளைகளை நினைப்பான். வேண்டாமுங்க என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போவான். சத்தியத்துக்குப் பின்வாங்கியவன் பேச்சை அப்புறம் எந்த முன்சீப் நம்புவார்? பொய்யனிடம் அவன் இதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஒரு ஆள் யோக்கியனா இல்லையா என்பதைக் கூண்டில் ஏறி நிற்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்து, அந்த யோக்கியனைத்தான் அடிப்பான். அவனை நான் வெறுத்ததற்கு இது ஒன்று போதும்.

கருப்பண்ணன் கேஸில் மட்டும் கொஞ்சம் திசை மாறியது. கருப்பண்ணன் என் கட்சிக்காரன், பஸ்ரா வக்கீலின் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரன். பொதுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கருப்பண்ணனுக்கு முறை கிடையாது என்று பஸ்ரா வக்கீல் தானே வாதியாக நின்றான். அந்தக் கிணற்றை வெட்டியதே கருப்பண்ணனின் பாட்டன்தான் என்பது சுற்று வட்டாரத்தில் குருடனுக்கும் தெரியும். வழக்கம்போல இவன் சத்தியத்துக்குக் கூப்பிட்டான். கருப்பண்ணன் நடுங்கிப்போய், நான் மாட்டேனுங்க, வேணும்னா அவரே பண்ணட்டும் என்று சொல்லிவிட்டான். அவன் பண்ணமாட்டான் என்று கருப்பண்ணன் நினைத்தான்.

அடுத்த நாளே அவன் மலையேறிவிட்டான். பூசாரி சொன்னதற்காகப் பூட்ஸைக் கழற்றினான். சூடத்தை ஒரே தட்டில் அணைத்தான். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டான். கிணறு போயிற்று. கருப்பண்ணன் தோட்டம் காய்ந்து, அவன் மேட்டூரில் அணைக்கட்டு வேலைக்கு மண் சுமக்கப் போனான்.

அதற்கப்புறம் ராசிபுரம் ரோட்டில் இருந்த அத்தனை ஜனமும் ஒன்றுக்காகக் காத்திருந்தது. பஸ்ரா வக்கீலைப் பாம்பு கடிக்கும் என்றார்கள். கை அழுகும் என்றார்கள். வீட்டில் இடி விழும் என்று மழைக்காலம் முழுக்க வானத்தைப் பார்த்தார்கள். அவன் ஒரு மோட்டார் கார் வாங்கினான். மகன் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தான். கறவை மாடு கிடாரிக் கன்று போட்டது. ஜனங்கள் காத்திருந்து அலுத்துப்போனார்கள்.

அந்தத் தெம்பில்தான் அவன் அண்ணன் மனைவியின் காட்டில் கை வைத்தான்.

வள்ளியாத்தாள் புருஷன் செத்த நாளிலிருந்து ரோட்டோரத்துப் புஞ்சைக் காட்டை உழுது பிழைத்துக்கொண்டிருந்தாள். சோளமும் கடலைக்காயும் போட்டு, மகளை வளர்த்து, பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தாள். சேலம் நாமக்கல் பஸ் அந்த வழியாக ஓட ஆரம்பித்ததும் அந்தக் காட்டுக்கு மவுசு வந்தது. அங்கே கடலைக்காய் மில் வைக்கவேண்டும் என்று பஸ்ரா வக்கீலுக்கு ஆசை வந்தது. கேஸ் போட்டான்.

சட்டம் சுலபமானது, கொடூரமானது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரிந்திருந்தால், செத்த அண்ணனின் பங்கு மனைவிக்கு, அவள் ஆயுள் உள்ளவரைக்கும். பிரியாமல் கூட்டுக் குடும்பமாக இருந்திருந்தால் முழுச் சொத்தும் தம்பிக்கு, விதவைக்குச் சோறு துணி மட்டும். பத்திரம் எதுவும் கிடையாது. நாங்கள் பிரியவே இல்லை, சோற்றுக்காகத்தான் காட்டை அவளிடம் விட்டுவைத்தேன் என்றான் அவன். பட்டாளத்துக்குப் போகிற முந்தின நாள் இரண்டு பேரும் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டார்கள் என்றாள் அவள். நான் அவள் வக்கீல். அவள் சொன்னதை அப்படியே நம்பினேன்.

விசாரணையன்று ராசம்மாள் நிறைமாதமாக வந்து அம்மாவுக்குத் துணையாக வெளியே உட்கார்ந்திருந்தாள். பஸ்ரா வக்கீல் அவளை ஒரு தடவை பார்த்தான். அண்ணன் மகள், இவன் மடியில் உட்கார்ந்து விளையாடிய பெண். பார்த்துவிட்டு எழுந்தான். எதிரி தன் மகள் தலையில் இடது கையை வைத்துக்கொண்டு வலது கையால் அறுபதாம்படியில் சூடம் அணைத்து, பாகம் பிரிந்தது என்று சொல்லட்டும், வழக்கை விட்டுவிடுகிறேன் என்றான். அவன் பல பேரிடம் சத்தியம் கேட்டு நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சியின் தலையை இழுத்து நான் பார்த்ததில்லை. தூ என்று துப்பலாம் போல இருந்தது.

போச்சு என்று நினைத்தேன். வள்ளியாத்தாள் பெயர் போன யோக்கியக்காரி. அடுத்தவன் காட்டு வேப்பங்குச்சியை ஒடித்துப் பல் விளக்கமாட்டாள். அவகாசம் வாங்கி அவளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், உண்மையைத்தானே சொல்லப்போகிறாய், சாமி ஒன்றும் செய்யாது என்று எனக்கே நம்பிக்கையில்லாமல் ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

"பண்றேனுங்க வக்கீலு" என்றாள்.

நான் திகைத்துவிட்டேன். பயமில்லையா என்று கேட்டேன்.

"அவியளுக்கு ஒண்ணும் ஆவலீங்களே. கெணத்துக்குப் பொய்யா அணைச்சாங்க. காரு வாங்கினாங்க. எனக்கு மட்டும் ஏனுங்க ஆவோணும்?"

அவள் சம்மதத்தைக் கோர்ட்டில் சொன்னபோது பஸ்ரா வக்கீலின் முகத்தை நான் ஆசை தீரப் பார்த்தேன். அவன் முதலில் நம்பவில்லை. மலைக்கு வந்தால் பின்வாங்கிவிடுவாள் என்று நினைத்தான் போலிருக்கிறது. தானும் வந்தான்.

நல்ல வெயில். ராசம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் பின்னாலேயே வந்தது. கமிஷனராக வந்த வக்கீல் குடையைப் பிடித்துக்கொண்டு வாசகத்தைப் படித்துக் காட்டினார். பூசாரி சூடத்தைக் கொளுத்தினார். வள்ளியாத்தாள் இடது கையை மகள் தலையில் வைத்தாள். "எம் புருசனும் கொழுந்தனாரும் பாகம் பிரிஞ்சது நெசம்" என்றாள். குரல் பிசகவில்லை. உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். ராசம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கூட்டம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, வயிற்றுப் பிள்ளைக்கு அங்கேயே ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்த மாதிரி. ஒன்றும் ஆகவில்லை. கமிஷனர் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

எல்லாரும் இறங்க ஆரம்பித்தார்கள். மகளை முன்னால் அனுப்பிவிட்டு வள்ளியாத்தாள் செருப்பில்லாத காலோடு நிழலில் ஒதுங்கி நின்றாள். நான் பக்கத்தில் இருந்தேன். பஸ்ரா வக்கீல் அவளிடம் வந்தான். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கையா என்றுதான் கூப்பிடுவது. கோர்ட்டில் எதிரி, எதிரி என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு இப்போது அந்த முறை ஞாபகம் வந்தது.

"நங்கையா, நாங்க பாகம் பிரிக்கவே இல்லயே. அது உங்களுக்கே தெரியுமே."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா புள்ளை தலைல கைய வெச்சீங்க?"

"வெக்கச் சொன்னது நீங்கதானுங்களே." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பஸ்ராவுல இருந்து வந்தன்னிக்கு எங்கிட்ட ஒக்காந்து அழுதீங்க. காடு வள்ளியாத்தாளுக்குன்னு உங்கண்ணன் சாகறப்பச் சொன்னாங்கன்னு சொன்னீங்க. அதைக் கேட்டிருந்தீங்கன்னா நெசத்தைச் சொல்லியே அணைச்சிருப்பேன். நீங்க அதைக் கேக்கலீங்களே."

அவன் திரும்பிப் படி இறங்கிப் போனான். வாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவன் போனதை என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். நான் வக்கீல். என் கட்சிக்காரி என்னிடமே பொய் சொல்லி, சாமியிடமும் பொய் சொல்லி ஜெயித்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. சட்டம் அவன் பக்கம் இருந்தது, காடு அவளுடையது. அவ்வளவுதான் அதில் எனக்குத் தெரிந்த நியாயம்.

அவனால் அப்பீல் போக முடியவில்லை. அவனே கேட்ட சத்தியம், அவனே கட்டுப்படுகிறேன் என்று கையெழுத்துப் போட்டது. அதற்கப்புறம் அவன் ஆயுதமும் மழுங்கிப்போயிற்று. அறுபதாம்படி என்று எழுந்து நின்றால், வள்ளியாத்தாளே பண்ணினாங்க, நானும் பண்றேனுங்க என்று குடியானவர்கள் கிளம்பிவிட்டார்கள். கேஸ்கள் குறைந்தன. மெடல் கறுத்தது, அவன் துடைக்கவில்லை.

ராசம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். பஸ்ரா வக்கீல் ஆள் விட்டு விசாரித்தான் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைக்கு அம்மை போட்டபோதும் விசாரித்தான். அப்புறம் அவன் வெள்ளிக்கிழமைதோறும் திருச்செங்கோட்டு மலை ஏற ஆரம்பித்தான். பூட்ஸைக் கீழேயே கழற்றிவிட்டு, தேங்காய் பழத்தோடு, மூச்சு வாங்க ஏறினான். பட்டாளத்து ஆசாமிக்குப் பக்தி வந்துவிட்டது என்று ஊர் மெச்சியது, இரங்கல் கூட்டத்திலும் ஒருவர் அதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வள்ளியாத்தாளின் பொய்ச் சத்தியத்துக்குச் சாமி ஏன் இன்னும் கூலி கொடுக்கவில்லை என்று கேட்கத்தான் அவன் போனான். தான் அணைத்த சூடத்தை மறந்துவிட்டு, தன் அண்ணன் பேத்திக்குக் கேடு வரவேண்டும் என்று படி ஏறினான். கொசுதான் இருக்கிறது என்று சொன்னவனுக்குக் கடைசியில் சாமி தேவைப்பட்டது, அதுவும் இதற்காக. அவன் ஏறி ஏறி அலுத்து, படுத்து, செத்தான்.

கூட்டம் முடிந்து நான் ஆபீசுக்கு வந்தபோது வள்ளியாத்தாள் வாசலில் காத்திருந்தாள். பக்கத்தில் பேத்தி, பள்ளிக்கூடம் போகிற வயசு, ரிப்பன் வைத்துச் சடை பின்னிய பெண். உள்ளே கூப்பிட்டேன். வழியில் ஒரு கல் தடுக்கிக் குழந்தை விழப் பார்த்தது. வள்ளியாத்தாளின் வலது கை நீண்டது, பாதியில் நின்றது, இடது கைதான் பிடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளை நான் சந்தையில், பஸ்ஸில், கோயிலில் பல தடவை இந்தக் குழந்தையோடு பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் வலது கையால் அவள் குழந்தையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. சூடம் அணைத்த அந்தக் கை எப்போதும் முந்தானைக்குள் இருக்கும்.

உட்கார்ந்ததும் அவள் நேரே விஷயத்துக்கு வந்தாள். கொழுந்தனார் போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டவரே இல்லாதபோது அந்தச் சத்தியம் இன்னும் நிற்குமா, கழிந்துவிடுமா, சட்டத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். காட்டை ஜெயித்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் அவள் பயந்திருக்கிறாள். அவியளுக்கு ஒண்ணும் ஆவலையே என்று சொன்னது எனக்காகச் சொன்னது. அவள் அதை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. நம்பாமலேதான் மகள் தலையில் கையை வைத்திருக்கிறாள்.

வாதி செத்தால் வழக்கு அற்றுப்போகும் என்று சட்டத்தில் இருக்கிறது. தீர்ப்பாகி முடிந்த வழக்குக்கு அது பொருந்தாது என்றும் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் சொன்னேன். கோர்ட்டில் பேசுகிற குரலில், கனமாக, அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னேன். வாதியோடு அந்தச் சத்தியமும் அற்றுப்போயிற்று என்றேன்.

அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"சத்தியமாச் சொல்லுங்க வக்கீலு."

நானும் இந்தப் பக்கத்து ஆள்தான். என் வாழ்நாளில் உண்மைக்குக்கூடச் சத்தியம் செய்தவனில்லை. வீட்டில் எனக்கு ஒரே மகள்.

"சத்தியமா" என்றேன்.

அவள் வலது கையை முந்தானைக்குள்ளிருந்து எடுத்தாள். குழந்தையின் தலையில் வைத்தாள். மெதுவாக, வகிடு வழியாகப் பின்னல் வரைக்கும் தடவினாள். பழக்கமில்லாத கை என்பதால் குழந்தை கூச்சப்பட்டு நெளிந்தது. வள்ளியாத்தாள் எடுக்கவில்லை. அழவும் இல்லை, அங்கேயே கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது என் மகள் வாசலுக்கு ஓடி வந்தாள். எப்போதும் அவள் தலையில் கை வைத்துத்தான் உள்ளே நுழைவேன். அன்றைக்கு வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவில்லை. அதற்கும் அந்தப் பஸ்ரா வக்கீலைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.